மண்டபம் நமது, வழக்கு யாருடையது? கொழும்பு மூட் போட்டி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பீடாதிபதி அவர்களுக்கும், விரிவுரையாளர்களுக்கும், ஏற்பாட்டுக் குழுவில் ஓடித்திரியும் மாணவர்களுக்கும்,

வணக்கம்.

சர்வதேச வர்த்தகச் சட்டத்தில் ஒரு மூட் போட்டியைக் கொழும்பில் நடத்தத் தயாராகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். நான் கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் சுங்க வழக்குகளும் இறக்குமதி அனுமதிப்பத்திரச் சிக்கல்களும் பார்க்கும் சட்டத்தரணி. தமிழ்மொழி மூலம் சட்டம் படித்தவன். மூட் அணிகளின் பயிற்சிச் சுற்றுகளில் அவ்வப்போது நீதிபதி நாற்காலியில் உட்காருவேன். உங்களில் சிலருக்கு என் முகம் தெரிந்திருக்கும். நேரிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் இது ஒரு கல்லூரியின் உள்வீட்டு விஷயம் இல்லை என்பதால் எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

மூட் என்றால் என்னவென்று தெரியாமல் இதைப் படிப்பவர்களும் இருப்பார்கள். இல்லாத இரண்டு நாடுகள், நடக்காத ஒரு வர்த்தகத் தகராறு. அதை ஒரு கதையாக எழுதிக் கொடுப்பார்கள். ஒவ்வொரு மாணவர் அணியும் முறைப்பாடு செய்த நாட்டுக்காக ஒன்று, எதிர்த்தரப்பு நாட்டுக்காக ஒன்று என இரண்டு எழுத்துச் சமர்ப்பணங்கள் தயாரிக்க வேண்டும். பிறகு நடுவர் குழுவின் முன்னால் எழுந்து நின்று வாதாட வேண்டும். காலையில் எந்த நாட்டைக் குற்றம்சாட்டினார்களோ, பின்னேரம் அதே நாட்டுக்காகப் பேச வேண்டி வரும். உலக வர்த்தக அமைப்பின் சட்டத்துக்கென்றே இருக்கும் ஜோன் எச். ஜாக்சன் போட்டி இப்படிப் பிராந்தியச் சுற்றுகளாக நடந்து ஜெனீவாவில் முடிகிறது. சர்வதேச விற்பனை ஒப்பந்தங்களுக்கும் நடுத்தீர்ப்புக்குமான வில்லெம் விஸ் போட்டி வியன்னாவில் நடக்கிறது, அதன் சகோதரப் போட்டி ஹொங்கொங்கில்.

நம் பிள்ளைகள் அங்கெல்லாம் போவதென்றால் விசா, டிக்கெட், தங்குமிடம், பதிவுக் கட்டணம் என்று எல்லாம் வெளிநாட்டுக் காசில்தான். 2022 இல் ரூபாய் சரிந்த பிறகு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவே பல வீடுகளில் மனம் வரவில்லை. ஆகவே போட்டி இங்கே வருவது சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அதை நீங்கள் அழைப்பிதழில் போட மாட்டீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் நடக்கும் போட்டிக்கு விசா எடுப்பது பாகிஸ்தான் அணிக்கு முயற்கொம்பு. லாகூரில் நடந்தால் டெல்லிக்காரர்களுக்கும் அதே கதி. 2014 இல் காத்மண்டுவில் கூடியதற்குப் பிறகு சார்க் உச்சிமாநாடே நடக்கவில்லை. 2019 பெப்ரவரியில், பாகிஸ்தானுக்குக் கொடுத்திருந்த மிகவும் சலுகைக்குரிய நாடு என்ற நிலையையே, அதாவது மற்ற நாடுகளுக்குக் கொடுக்கும் வர்த்தகச் சலுகையைக் குறையாமல் கொடுப்பதையே, இந்தியா விலக்கிக்கொண்டது. மூட் மாணவர்கள் காட் எனப்படும் தீர்வைகள், வர்த்தகம் பற்றிய பொது உடன்படிக்கையைத் திறந்ததும் முதலாம் உறுப்புரையாகப் படிப்பது அதைத்தான். அந்த இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் ஒரே அறையில் எதிரெதிராக நின்று அந்த உறுப்புரையை வாதாடக்கூடிய ஊர்கள் தெற்காசியாவில் அதிகம் இல்லை. கொழும்பு அதில் ஒன்று.

சரி, இனி என் மனக்குறைக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர் பின்கட்டில் நிற்பதுபோல் நம் நிலை ஆகிவிடக் கூடாது. மண்டபம் நம்முடையது, தேநீர் நம்முடையது, வரவேற்பு நடனம் நம்முடையது. ஆனால் வாதாடும் வழக்கும் வாதாடும் குரலும் வேறு யாருடையதோ என்றால் இவ்வளவு பாடுபட்டு நடத்துவதில் என்ன பிரயோசனம்?

முதலில் வழக்கு. மூட் கதை எழுதுவோருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு பணக்கார நாடு, ஒரு வளரும் நாடு, நடுவில் மின்சாரக் கார் அல்லது கார்பன் வரி. பாடப்புத்தகத்தில் இருக்கும் நான்கைந்து பெரிய தீர்ப்புகளைச் சுற்றிச் சுற்றி அந்தக் கதை போகும். தப்பில்லை. ஆனால் நம் வாசலில் கிடக்கும் வழக்குகளை ஏன் யாரும் குனிந்து எடுப்பதில்லை?

தேங்காயை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கை 1948 இலேயே காட் உடன்படிக்கையில் சேர்ந்த நாடு. அதன் முதல் 23 தரப்புகளில் ஒன்று. 1995 ஜனவரி 1 ஆம் திகதி உலக வர்த்தக அமைப்பு தொடங்கிய நாள் முதல் உறுப்புரிமை இருக்கிறது. இத்தனைக்கும் முறைப்பாட்டாளராக நாம் அந்த வாசற்படி ஏறியது ஒரே ஒரு தடவைதான். 1996 பெப்ரவரியில், பிரேசிலுக்கு எதிராக. உலர் தேங்காய்த் துருவலுக்கும் தேங்காய்ப்பால் மாவுக்கும் பிரேசில் விதித்த ஈட்டு வரிதான், அதாவது ஏற்றுமதி செய்யும் நாடு கொடுத்த மானியத்தை ஈடுசெய்யப் போடும் வரிதான் விஷயம். குருநாகல், புத்தளம், கம்பஹா பக்கத்து ஆலைகளின் பிழைப்பு. அதே வரிக்கு எதிராகப் பிலிப்பைன்ஸும் போனது. அவர்களுடைய வழக்குத்தான் கடைசிவரை நடந்தது, நாம் அதில் மூன்றாம் தரப்பு. 1997 இல் உலக வர்த்தக அமைப்பின் மேன்முறையீட்டு அமைப்பு தீர்ப்புச் சொன்னது. பிரேசிலில் அந்த விசாரணைக்கான விண்ணப்பம் 1995 க்கு முன்னரே கொடுக்கப்பட்டுவிட்டது, எனவே புதிய விதிகள் அதற்குப் பொருந்தாது என்பதுதான் முடிவு. மானியம் இருந்ததா, உள்ளூர் உற்பத்தியாளருக்கு நட்டம் வந்ததா என்ற கேள்விகளுக்குள் போகவே இல்லை. எந்தத் தேதிக்கு எந்தச் சட்டம் என்ற கேள்வியிலேயே ஒரு வழக்கு முழுவதும் செத்துப்போகும் என்பதைப் படிக்க இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

நான் கேட்டுப் பார்த்த மாணவர்களில் பலர் கடலாமையைக் காக்கவென்று அமெரிக்கா இறால் இறக்குமதியைத் தடுத்த இறால்–ஆமை வழக்கை மனப்பாடமாகச் சொன்னார்கள். தேங்காய் வழக்கு என்றதும் முழித்தார்கள். அந்த இறால் வழக்கிலும் இலங்கை மூன்றாம் தரப்பாக இருந்தது என்பதும் அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்கள்மேல் பிழை இல்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது வண்டு வழக்கு. வழக்காகவே போகவில்லை என்பதுதான் அதன் அழகு. 2017 டிசம்பரில் இலங்கையிலிருந்து போன ஒரு தேயிலைப் பொதியில் கப்ரா வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா நமது தேயிலையையே தற்காலிகமாகத் தடைசெய்தது. கப்ரா என்பது களஞ்சியத்துத் தானியத்தைத் தின்னும் பூச்சி. தேயிலை அதன் சாப்பாடு இல்லை. அதே சமயம் 2018 இலிருந்து அஸ்பெஸ்டஸ் பாவனையைக் கட்டுப்படுத்தப் போவதாக இலங்கை அறிவித்திருந்தது. நமக்கு அஸ்பெஸ்டஸ் பெருமளவில் வந்துகொண்டிருந்தது ரஷ்யாவிலிருந்து. தேயிலைத் தடை வந்த கையோடு அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டை அமைச்சரவை தள்ளிவைத்தது. வருடம் முடிவதற்குள் தேயிலைத் தடையும் நீங்கியது. பழிவாங்கலா, பயிர்ப் பாதுகாப்பா, தற்செயலா என்று அப்போது பத்திரிகைகளில் ஒரே பேச்சு.

இதில் எத்தனை சட்டப் பிரச்சினைகள் இருக்கின்றன பாருங்கள். ஒரு பொதியில் கண்ட பூச்சிக்காக ஒரு நாட்டின் முழுத் தேயிலையையும் நிறுத்தலாமா? போதிய அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று சுகாதார, தாவரச் சுகாதார உடன்படிக்கையின் 2.2 ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆதாரம் போதாத இடத்தில் தற்காலிக நடவடிக்கை எடுக்க 5.7 இடம் கொடுக்கிறது. பெட்டிகளுக்குப் புகையடித்தால் போதுமே, தடை எதற்கு என்று 5.6 ஐப் பிடித்துக்கொண்டு கேட்கலாம். மறுபக்கம், பிரான்சின் அஸ்பெஸ்டஸ் தடைக்கு எதிராகக் கனடா போட்ட வழக்கில் 2001 இல் மேன்முறையீட்டு அமைப்பு தடையை ஏற்றுக்கொண்டது. மனித உயிரைக் காக்கத் தான் விரும்பும் பாதுகாப்பு மட்டத்தை ஒரு நாடு தானே தீர்மானிக்கலாம் என்றது. அப்படியிருக்க, கையில் நியாயம் இருந்தும் இலங்கை ஏன் பின்வாங்கியது? தேயிலை விற்காமல் ஒரு மாதம் தாங்கக்கூடிய நாடும் தாங்க முடியாத நாடும் ஒரே சட்டத்தின் கீழ் நிற்கும்போது என்ன நடக்கும் என்பதை மாணவர்கள் இந்த இடத்தில்தான் உணர்வார்கள். நாடுகளின் பெயரை மாற்றிவிடுங்கள், வண்டின் பெயரையும் மாற்றிவிடுங்கள். கதை உங்கள் கையில் தயாராக இருக்கிறது.

மஞ்சளும் இருக்கிறது. 2020 இல் மஞ்சள் இறக்குமதி நின்றபோது விலை எப்படி ஏறியது என்பது சமையலறையில் நின்ற எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மன்னார், கற்பிட்டிக் கடற்கரைகளில் மஞ்சள் மூட்டைகளைக் கடற்படை பிடித்த செய்திகள் தினமும் வந்தன. காட் 11 ஆம் உறுப்புரை இப்படிப்பட்ட அளவுக் கட்டுப்பாட்டைப் பொதுவாகத் தடைசெய்கிறது. அந்நியச் செலாவணி வற்றிப்போன வளரும் நாட்டுக்கு 18 ஆம் உறுப்புரையின் ஒரு பகுதி விலக்குக் கொடுக்கிறது. ஆனால் செலாவணி நெருக்கடி என்று சொல்லிக்கொண்டு உள்ளூர் விவசாயியைப் பாதுகாப்பது அந்த விலக்குக்குள் வருமா? இந்தியாவின் அளவுக் கட்டுப்பாடுகளுக்கு எதிராக அமெரிக்கா போட்ட வழக்கில், 1999 இல், இந்த விலக்கு இந்தியாவுக்குக் கைகொடுக்கவில்லை. சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கையும் கேட்டுத்தான் முடிவெடுத்தார்கள். நாணய நிதியம் என்ற பெயரைக் கேட்டதும் 2022 க்குப் பின் பிறந்த குழந்தைகூட நிமிர்ந்து பார்க்கும் நாட்டில் இந்த வழக்கை வாதாட ஆள் கிடைக்காதா?

அமெரிக்கா 2025 ஏப்ரலில் 44 வீதம் என்று அறிவித்து, ஓகஸ்டில் 20 வீதமாகக் குறைத்த வரியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அதை எப்படியும் யாராவது கதையாக்குவார்கள்.

அடுத்து நான் சொல்லப்போவது கண்டிப்பாகப் பார்த்தால் முதலீட்டுச் சட்டம், வர்த்தகச் சட்டம் இல்லை என்று உங்களில் ஒருவர் திருத்துவார். தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். உலகில் இருதரப்பு முதலீட்டு ஒப்பந்தம் ஒன்றை அடிப்படையாக வைத்து ஒரு முதலீட்டாளர் அரசுக்கு எதிராகக் கொண்டுவந்து, உலக வங்கியின் கீழுள்ள நடுத்தீர்ப்பு மையம் முதன்முதலில் தீர்ப்புக் கொடுத்த வழக்கு எது தெரியுமா? மட்டக்களப்பு மாவட்டத்தில் இருந்த ஓர் இறால் பண்ணையின் வழக்கு. 1987 ஜனவரியில் பாதுகாப்புப் படைகளின் நடவடிக்கையில் அந்தப் பண்ணை அழிந்தது, அங்கே வேலைசெய்தவர்கள் பலரும் கொல்லப்பட்டார்கள். பண்ணையில் பங்கு வைத்திருந்த, அப்போது பிரித்தானியாவின் கையில் இருந்த ஹொங்கொங்கின் கம்பனி, பிரித்தானியாவும் இலங்கையும் 1980 இல் செய்த ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போட்டது. முதலீட்டைக் காக்க எடுக்க வேண்டிய கவனத்தை இலங்கை அரசு எடுக்கவில்லை என்று 1990 ஜூனில் தீர்ப்பு வந்தது. இழப்பீடு 460,000 அமெரிக்க டொலர். இன்றைக்கும் உலகில் எங்கே முதலீட்டுச் சட்டம் படிப்பித்தாலும் இந்த வழக்கு வரும்.

இழப்பீடு போனது பங்குக்காரருக்கு. செத்தவர்களின் குடும்பங்கள் அந்த வழக்கில் தரப்பினரே இல்லை. எங்கள் கிழக்கு மாகாணத்துப் பிள்ளை ஒன்று இந்தத் தீர்ப்பைப் படித்தால் அதற்குத் தோன்றும் கேள்விகள் லண்டனில் இருந்து படிப்பவருக்குத் தோன்றும் கேள்விகளாக இருக்காது. அந்தக் கேள்விகள் நடுவர் முன்னால் சட்டமொழியில் எழும்ப வேண்டும் என்றுதான் நான் ஆசைப்படுகிறேன். வளரும் நாடுகளுக்கு ஐரோப்பா கொடுக்கும் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையின் கதையும் இப்படித்தான். ஐரோப்பிய வரிச்சலுகைக்கு எதிராக இந்தியா வழக்குப் போட்டது, 2004 இல் மேன்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது, இலங்கை அதிலும் மூன்றாம் தரப்பு. அந்தத் தீர்ப்புக்கு ஏற்ற மாதிரி ஐரோப்பா அமைத்ததுதான் ஜி.எஸ்.பி. பிளஸ். நமக்கு 2005 இல் கிடைத்தது, மனித உரிமை உடன்படிக்கைகளைச் சரியாக நடைமுறைப்படுத்தவில்லை என்று 2010 ஓகஸ்டில் போனது, 2017 மே மாதம் திரும்பி வந்தது. போருக்குப் பின் அந்தச் சலுகையை நிறுத்தியது நியாயம் என்று வாதாட ஒரு தமிழ் மாணவருக்கு மனதில் பல காரணங்கள் இருக்கும். மூட் போட்டியில் அடுத்த சுற்றிலேயே அவர் எழுந்து, கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலையில் வேலை போகும் பெண்ணுக்காக மற்றப் பக்கத்தையும் வாதாட வேண்டும். இரண்டையும் ஒரே வாயால் நேர்மையாகச் சொல்லப் பழக்குவதற்கு எனக்குத் தெரிந்து வேறு பள்ளிக்கூடம் இல்லை.

இனிக் குரல். இதில்தான் என் கோபம் கொஞ்சம் கூட.

ஒரு பயிற்சிச் சுற்று. எந்தக் கல்லூரி, யார் என்பது வேண்டாம். தமிழ்மொழி மூலம் உயர்தரம் படித்து வந்த மாணவி ஒருவர் பொது விதிவிலக்குகளைப் பற்றிய காட் 20 ஆம் உறுப்புரையை வாதாடிக்கொண்டிருந்தார். கோவையில் நீலம், மஞ்சள், பச்சை என்று ஒட்டுத்தாள் ஒட்டி, எந்தத் தீர்ப்பின் எந்தப் பந்தி என்று விரல் நுனியில் வைத்திருந்தார். நடுவில் இருந்த நடுவர் ஒரு கேள்வியைச் சுற்றிவளைத்துக் கேட்டார். ஆங்கிலப் பாடசாலை ஆங்கிலம், பாதி வாக்கியம் மூக்குக்குள். மாணவிக்குக் கேள்வி பிடிபடவில்லை. திரும்பக் கேட்கத் தயங்கினார். நேரம் பார்ப்பவர் இரண்டு நிமிட அட்டையைத் தூக்கிவிட்டார். "நான் எழுத்துச் சமர்ப்பணத்தையே நம்பியிருக்கிறேன்" என்று ஒரு வரி சொல்லி உட்கார்ந்துவிட்டார். புள்ளித்தாளில் அந்த நடுவர் அவருக்கு மிகக் குறைவாகப் போட்டது சட்ட அறிவுக்கு அல்ல, "தோரணை" என்ற பகுதிக்கு. தேநீர் இடைவேளையில் தாழ்வாரத்தில் நான் அதே கேள்வியைத் தமிழில் கேட்டேன். கையில் இருந்த பிஸ்கட்டைக் கடிக்காமலே மூன்று படியாகப் பதில் சொன்னார். முதலில் நடவடிக்கை எந்தப் பந்திக்குள் வருகிறது, பிறகு அது தேவையானதா, கடைசியில் அதை நடைமுறைப்படுத்திய விதத்தில் பாரபட்சம் உண்டா. ஒழுங்கு பிசகவில்லை. "இதை ஏன் உள்ளே சொல்லல?" என்றேன். "கேள்வி அதுதான் என்று தெரியல்ல சேர்" என்றார்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உலக வர்த்தக அமைப்பில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் மூன்றுதான் ஓடும். வெளிநாட்டு அணிகளுக்கு முன்னால் தமிழில் வாதாடவும் முடியாது. 2023 மார்ச்சில், சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தக் கொண்டுவந்த விதிகளைப் பாராளுமன்றம் பெருவாரியான வாக்குகளால் தோற்கடித்தது. தமிழிலும் சிங்களத்திலும் படித்தவர்கள் சட்டத்தரணிகளாக வரலாம் என்று நாடு சொல்லிவிட்டது. ஆனால் அவர்களை வர்த்தகச் சட்டத்தின் பக்கம் கூட்டிக்கொண்டு போகும் பாதையை யாரும் போடவில்லை. காணி வழக்கும் கைமாற்று வழக்கும் அவர்களுக்கு, கம்பனி வழக்கும் கப்பல் வழக்கும் மற்றவர்களுக்கு என்று எழுதாத ஒரு பங்கீடு புதுக்கடையில் இன்றைக்கும் இருக்கிறது. இல்லை என்று சொல்பவர்கள் ஒரு நாள் வர்த்தக மேல் நீதிமன்றத்தின் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

அதே நேரம் என் மேசைக்கு முன்னால் வந்து உட்காரும் புறக்கோட்டை வியாபாரி எந்த மொழியில் கேட்கிறார்? "சேர், நேத்து வரைக்கும் விட்டாங்க, இன்னைக்கு ஏன் மறிக்கிறாங்க? கப்பல் வந்த பிறகுதானே கெசட் அடிச்சிருக்காங்க?" காட் 10 ஆம் உறுப்புரை முழுவதும் இந்த மனுசனின் கேள்விக்கான பதில்தான். வர்த்தக விதிகளை உடனுக்குடன் பிரசுரிக்க வேண்டும், பிரசுரிக்கும் முன் அமல்படுத்தக் கூடாது, எல்லோருக்கும் ஒரே மாதிரி நடைமுறைப்படுத்த வேண்டும். ஒருகொடவத்தைக் களத்தில் கொன்டெய்னர் நின்றுகொண்டிருக்கும், நாளுக்கு நாள் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும். அவருக்கு ஜெனீவாவைப் பற்றித் தமிழில் சொல்லக்கூடிய சட்டத்தரணி வேண்டும். 2018 இல் நாம், அடிமாட்டு விலைக்குக் கொண்டுவந்து கொட்டுவதற்கு எதிரான இறக்குமதிக் குவிப்புத் தடைச் சட்டத்தையும், இறக்குமதி திடீரென்று பெருகும்போது உள்ளூர்த் தொழிலைக் காக்கும் பாதுகாப்பு நடவடிக்கைச் சட்டத்தையும் நிறைவேற்றினோம். அவற்றின் கீழ் விசாரணைகள் வரும்போது உள்ளூர் உற்பத்தியாளருக்காகவோ இறக்குமதியாளருக்காகவோ நிற்பவர்கள் வாடிக்கையாளரின் மொழி தெரிந்தவர்களாக இருந்தால்தான் உண்மைகள் ஒழுங்காக வெளியே வரும்.

ஆகவே நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. போட்டிக்கு இரண்டு மாதம் முன்னால் தமிழிலும் சிங்களத்திலும் ஆயத்தப் பட்டறைகள் வையுங்கள். சட்டத்தை முதலில் சொந்த மொழியில் பிடித்துக்கொள்ளட்டும், ஆங்கில வாதத்தை அதன்மேல் ஏற்றலாம். சர்வதேசச் சுற்றுகளுக்கு முந்திய நாள் தமிழில் ஒன்றும் சிங்களத்தில் ஒன்றுமாகக் காட்சிச் சுற்று வைத்தால் பெற்றோரும் வந்து பார்ப்பார்கள். புள்ளித்தாளில் தோரணைக்கும் உச்சரிப்புக்கும் இருக்கும் இடத்தைச் சுருக்கி, சட்டத்துக்கும் கேள்விக்குச் சொல்லும் பதிலுக்கும் கூட்டுங்கள். கேள்வியைத் திரும்பக் கேட்பது குறை அல்ல என்று நடுவர் கையேட்டில் எழுத்தில் போடுங்கள். இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை. காத்மண்டு, டாக்கா அணிகளும் உங்களுக்கு நன்றி சொல்லும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சட்டத்துறை மாணவர்கள் இரவு பஸ்ஸில் வந்து, கோட்டையில் முகம் கழுவி, காலை எட்டரைக்குக் கோட் போட்டு நிற்க வேண்டும் என்றால் அந்தச் சுற்றில் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல நடுவர் தேவையில்லை. வெளியூர் உள்நாட்டு அணிகளுக்கு முந்திய நாளே விடுதி கொடுங்கள், பதிவுக் கட்டணத்தை ரூபாயில் வாங்குங்கள். நாவலையில் திறந்த பல்கலைக்கழகத்தில் வேலைக்குப் போய்க்கொண்டே சட்டம் படிப்பவர்கள் இருக்கிறார்கள். எல்லாச் சுற்றையும் வார நாட்களில் வைத்தால் அவர்கள் லீவு போட்டுத்தான் வர வேண்டும். பணம் எங்கே என்பீர்கள். நிறைவு விருந்தை நட்சத்திர ஹோட்டலில் இருந்து கல்லூரி முற்றத்துக்கு மாற்றினாலே பாதி வந்துவிடும்.

நடுவர்களைப் பற்றி ஒன்று. ஓய்வுபெற்ற நீதியரசர்களும் ஜனாதிபதி சட்டத்தரணிகளும் வரட்டும், மண்டபத்துக்கு அழகு. ஆனால் அவர்களில் பலர் உலக வர்த்தகச் சட்டத்தைத் தொழிலில் தொட்டிருக்க மாட்டார்கள். வர்த்தகத் திணைக்களத்தில் ஒப்பந்தப் பேச்சுகளுக்குப் போய் வந்தவர்கள், சட்டமா அதிபர் திணைக்களத்தில் இந்தக் கோப்புகளைப் பார்ப்பவர்கள், சுங்கத்தில் பொருள் வகைப்படுத்தும் அதிகாரிகள் எல்லாம் பஸ்ஸில் வந்து சேரும் தூரத்தில்தான் இருக்கிறார்கள். ஒரு அதிகாரி மூன்றாவது நிமிடத்தில் "இந்தப் பொருள் எந்தத் தலைப்பின் கீழ் வரும், எங்கள் கட்டுப்பட்ட தீர்வை, அதாவது இதற்குமேல் ஏற்றமாட்டோம் என்று வாக்குக் கொடுத்த வரி, எவ்வளவு?" என்று கேட்டால் தெரியும், அணி வழக்கைப் படித்திருக்கிறதா, தீர்ப்புகளை மட்டும் படித்திருக்கிறதா என்று.

"ஜெனீவாவிலேயே மேன்முறையீட்டு அமைப்பு படுத்துவிட்டது, இனி இதை வாதாடி என்ன?" என்று ஒரு மூத்த சட்டத்தரணி என்னிடம் கேட்டார். உண்மைதான். ஏழு பேர் இருக்க வேண்டிய இடத்தில் புதிய நியமனங்களை அமெரிக்கா தடுத்துக்கொண்டே வந்ததால், ஒரு வழக்குக்குத் தேவையான மூன்று பேர்கூட இல்லாமல் 2019 டிசம்பரில் அது நின்றுபோனது. தோற்ற நாடு மேன்முறையீடு செய்துவிட்டால் வழக்கு அந்தரத்தில் தொங்கும். ஆனால் நீதிமன்றம் முடங்கினால் சட்டத்தின் தேவை குறையாது. பேச்சுவார்த்தை மேசையில் பலமில்லாத நாட்டுக்குக் கையில் இருப்பது உறுப்புரை இலக்கம் மட்டும்தான். 2018 இல் அமலுக்கு வந்த சிங்கப்பூர் சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தைச் சுற்றி இங்கே எவ்வளவு சத்தம் போட்டோம், அதில் எவ்வளவு பேர் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுப் பேசினோம்? இந்தியாவுடன் 2000 மார்ச் முதல் ஒப்பந்தம் இருக்கிறது. 2024 பெப்ரவரியில் தாய்லாந்துடன் கையெழுத்திட்டோம். இவற்றின் பிணக்குத் தீர்வு அத்தியாயங்களைப் படித்தவர்கள் நாட்டில் எத்தனை பேர்? இந்தப் போட்டியின் கதையை அப்படி ஒரு இருதரப்பு ஒப்பந்தத்தின் கீழ் வைத்தாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

வெளிநாட்டு அணிகளைக் காலிக்கும் கண்டிக்கும் அழைத்துப் போவீர்கள், போங்கள். ஒரு முற்பகலைப் புறக்கோட்டைக்குக் கொடுங்கள். நான்காம் குறுக்குத் தெருவில் பருப்பு மூட்டை இறங்குவதையும், அந்த மூட்டையில் எந்த நாட்டுப் பெயர் அச்சிட்டிருக்கிறது என்பதையும் பார்க்கட்டும். ஒரு பொருள் எந்த நாட்டுடையது என்று தீர்மானிக்கும் தோற்றுவாய் விதிகளைப் பற்றி நாங்கள் வகுப்பில் சொல்வதை விட அந்தச் சாக்கு நன்றாகச் சொல்லும். துறைமுகத்தில் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் வாஃப் கிளார்க் ஒருவரைக் கூட அனுப்ப நான் ஏற்பாடு செய்கிறேன். நன்றாகக் கதைப்பார், மூன்று மொழியிலும்.

கடைசியாக ஒரு அவசர விஷயம். வழக்குக் கதையை வெளியிட்டுவிட்டால் அதற்குப் பிறகு தெளிவுபடுத்தல்கள் மட்டும்தான் கொடுக்கலாம், அடிப்படையை மாற்ற முடியாது. ஆகவே எழுதும் குழுவை அமைக்கும்போதே தமிழ்மொழி மூலம் படிப்பிக்கும் விரிவுரையாளர் ஒருவரையும், வர்த்தகத் திணைக்கள அனுபவம் உள்ள ஒருவரையும் சேருங்கள். வண்டுக் கதைக்கோ தேங்காய்க் கதைக்கோ என்னிடம் உள்ள குறிப்புகளைத் தருகிறேன். சனிக்கிழமைகளில் வழக்கு இல்லை, வந்து உட்காரலாம். பதிவுக் கட்டணத்தை அறிவிக்கும் முன் யாழ்ப்பாணத்துக்கும் நாவலைக்கும் ஒரு தடவை தொலைபேசி எடுத்துக் கேளுங்கள். இந்த மடலுக்குப் பதிலைப் பொதுவில் எழுதினாலும் சரி, என்னைக் கூப்பிட்டுத் திட்டினாலும் சரி. கதை வெளிவருவதற்கு முன் நடந்தால் போதும்.

இப்படிக்கு,
புதுக்கடையில் இருந்து ஒரு சட்டத்தரணி